இடப்பக்கம் இரண்டடி

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் பேருந்தில் மலர்விழியோடு ஏறினால் நிம்மதியாக உட்கார முடியாது. அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் முழங்கையால் இடிப்பாள். "அதோ பாரு, பச்சை பெயிண்ட் அடிச்ச மாடி வீடு. என்னோட நீள்வட்டம்!" நான் திரும்புவதற்குள் வீடு போய்விடும். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று வரும், இன்னொரு இடி விழும். வாழப்பாடியில் இறங்கும்போது என் விலா எலும்பு என்னுடையதாக இருக்காது.

அவள் வேலை பார்ப்பது அயோத்தியாப்பட்டணத்துக்கு வெளியே, சாலையோரத்தில் இருக்கும் ஒரு லேசர் கட்டிங் பட்டறையில். புது வீடு கட்டுகிறவர்கள் போர்டிகோ முகப்பில் இரும்புத் தகட்டில் வளைவு வைக்கிறார்கள் அல்லவா, அந்த வளைவைக் கம்ப்யூட்டரில் வரைந்து இயந்திரத்துக்குக் கொடுப்பவள் இவள். நல்ல நீள்வட்டம் ஒன்றை முன்பு எப்போதோ வரைந்து வைத்திருக்கிறாள். அதிகம் உருண்டையாகவும் இல்லாமல், நசுங்கினாற்போலவும் இல்லாமல், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அதன் மேல் பாதிதான் ஆத்தூரிலிருந்து எடப்பாடி வரை எத்தனையோ வீடுகளின் நெற்றியில் உட்கார்ந்திருக்கிறது. நீளத்தையோ உயரத்தையோ தொட மாட்டாள். இடத்தை மட்டும் மாற்றுவாள்.

இடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். நம் ஊரில் எந்த வீட்டில் வாசல் நட்டநடுவில் இருக்கிறது? வாஸ்து சொல்பவர் வந்து, இந்தத் திசை பார்த்த வீட்டுக்கு இந்தப் பக்கம்தான் உச்சம் என்று கதவை ஓரடியோ இரண்டடியோ தள்ளி வைக்கச் சொல்லிவிடுவார். கதவு தள்ளினால் முகப்பு வளைவும் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் வளைவின் கால் வாசலுக்கு நேரே வந்து நிற்கும். வாசலுக்கு நேரே எதுவும் குத்தி நிற்கக் கூடாது என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

நானும் அவளும் சேலத்தில் ஒரே கல்லூரியில் கணிதம் படித்தோம். நான் மேலே படித்து ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அவளுக்குப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், படுக்கையில் விழுந்த மாமியார். என்னைவிட நன்றாகப் படித்தவள், பத்து வருஷம் பால் காய்ச்சிக்கொண்டும் டயப்பர் மாற்றிக்கொண்டும் இருந்தாள். எனக்கு அதில் இன்றைக்கும் கோபம் உண்டு. அவளுக்கு இல்லை. "நீ ஏன்டி எனக்காகக் கொதிக்கிற? அடுப்புல இருக்கறது நானா நீயா?" என்பாள்.

மாமியார் காலமான பிறகு அந்தப் பட்டறையில் முன் மேசையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். வரைகிற பையன் கோயம்புத்தூருக்குப் போய்விட்டபோது, அந்த நாற்காலியை எனக்குக் கொடுங்கள் என்று முதலாளி குமாரசாமியிடம் வாய் விட்டுக் கேட்டாள். வாழ்க்கையில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். குமாரசாமி தங்கமான மனிதர், ஆனால் தகடு வீணானால் தங்கம் தகரமாகிவிடும். "உட்காரும்மா. ஆனா ஒரு தகடு தப்பா வெட்டுனா மறுநாளே நீ பழையபடி பில் டேபிளுக்குத்தான்," என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒரு பையனாக இருந்தால் இந்த நிபந்தனை போட்டிருப்பாரா என்று நான் குதித்தேன். அவள் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது. நீள்வட்டத்தின் மையம் ஆதிப்புள்ளியிலேயே இருந்தால் சமன்பாடு எளிது. அந்த நீள்வட்டத்தை அப்படியே வலப்பக்கம் இரண்டு அலகு நகர்த்தினால், எக்ஸ் இருந்த இடத்தில் 'எக்ஸ் கழித்தல் இரண்டு' என்று எழுத வேண்டும். வலப்பக்கம் போனால் கூட்டத்தானே வேண்டும், ஏன் கழிக்கிறோம் என்று வருஷந்தோறும் வகுப்பில் யாராவது கேட்பார்கள். "குறி மாறும், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று வாயை அடைத்துவிடுவேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் அடைத்தார்.

நாங்கள் படித்த அந்த வகுப்பில் மலர்விழி மட்டும் அன்றைக்கு அடங்கவில்லை. சாப்பாட்டு வேளை முழுக்க டிபன் பாக்ஸைத் திறக்காமல் யோசித்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "அந்த வளைவு எங்க போனாலும் அதுக்கு அது நடுவுலதான் இருக்குது," என்றாள். "நாமதான் ரெண்டு தள்ளி நின்னு அளக்கிறோம். நம்ம அளவுலேர்ந்து அந்த ரெண்டைக் கழிச்சாத்தான் அதோட சொந்த அளவு வரும். அது எங்க நிக்குதோ அங்க போயி நின்னு பார்த்தா எதுவுமே மாறலை." எனக்கு அப்போது பசி. சரி சரி, சாப்பிடு என்றேன்.

போன தை மாதம் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ஒரு வேலை வந்தது. தோட்டத்துக்குள் புதிதாகக் கட்டும் கிழக்குப் பார்த்த வீடு. வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரன் ரிக் வண்டி வைத்திருப்பவர், போர்வெல் போட வடநாட்டுப் பக்கம் போனால் மாதக்கணக்கில் வர மாட்டார். வீட்டை நின்று கட்டியவள் அவர் மனைவி சத்யபிரியா. முப்பது வயதுகூட இருக்காது. செங்கல் இறக்குவதிலிருந்து டைல்ஸ் ஒட்டுவதுவரை அவள்தான் பார்த்திருக்கிறாள். பட்டறையில் வழக்கமாக நேரில் போய் அளவெடுத்து வரும் ஃபிட்டர் கந்தப்பன், குலதெய்வக் கோயில் நோன்பு என்று லீவில் போயிருந்தார். அதனால் அளவுகளை சத்யபிரியாவே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். முகப்பின் அகலம், உயரம், எல்லாம் தெளிவாகத்தான் சொன்னாள். கடைசியில், "நடுவுலேர்ந்து எடது கைப் பக்கம் ரெண்டடி தள்ளி வளைவு வரோணுங்க அக்கா. மேல எங்க அத்தை பேரு போடோணும், பொன்னாயி இல்லம்னு," என்றாள்.

மலர்விழி நீள்வட்டத்தை எடுத்து இடப்பக்கம் இரண்டடி நகர்த்தினாள். மேலே பெயரை எழுத்து எழுத்தாகத் தகட்டில் துளைபடும்படி வைத்தாள். வெட்டி, கறுப்பு கோட்டிங் அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் விடிந்தால் கிரகப்பிரவேசம். ஜெகதீஸ்வரன் அன்று ராத்திரிதான் வந்து சேர்வதாக இருந்தது. அவ்வளவு தூரம் போகும் வேலை என்பதால் மலர்விழியும் கூடப் போனாள். எனக்கு விடுமுறை. வாயேன், ஊர் பார்த்த மாதிரி இருக்கும் என்று என்னையும் இழுத்துக்கொண்டாள்.

தோட்டத்து வீட்டு முன்னால் வாழை மரம் கட்டியாகிவிட்டது. பந்தல் போட்டு, உறவுக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்த கந்தப்பனும் உதவிக்கு வந்தவர்களும் தகட்டைத் தூக்கி இரு தூண்களுக்கும் குறுக்கே வைத்து போல்ட் முடுக்கினார்கள். பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே தெரிந்துவிட்டது. கதவு ஒரு பக்கம், வளைவு இன்னொரு பக்கம். வளைவின் ஒரு கால் அகலமான கறுப்புத் தகடாகக் கதவுக்கு நேரே இறங்கியிருந்தது. கல்யாணப் பெண் முகத்தில் கை வைத்து மறைத்த மாதிரி இருந்தது.

மலர்விழியின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. உதட்டில் ரத்தமே இல்லை.

சத்யபிரியாவின் மாமனார் சின்னுசாமி பந்தலிலிருந்து எழுந்து வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வந்ததும் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்று விசாரித்தவர் அவர்தான். ஆனால் வாசலைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "என்னம்மா இது, வாசலுக்கு நேரா குத்திக்கிட்டு நிக்குது? நாளைக்குப் பால் காய்ச்சோணும். ஆரு அளவு சொன்னது?"

"நாந்தானுங்க மாமா," என்றாள் சத்யபிரியா.

"பையன் ஊர்ல இல்லாத நேரத்துல இது வேண்டாம், அவன் வரட்டும்னு அப்பவே சொன்னேன். கேட்டாத்தான?" என்றார். பந்தலில் யாரோ ஒரு பெண், பொம்பளை நின்று கட்டினால் இப்படித்தான் என்று சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. சத்யபிரியா அழவில்லை. "நான் சரியாத்தானுங்க சொன்னேன்," என்று மட்டும் சொன்னாள். அதை யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்து குமாரசாமியின் போன். கந்தப்பன் ஏற்கெனவே போட்டு உடைத்துவிட்டார். "ஏம்மா மலரு, அவங்க எந்தப் பக்கம்னு சொன்னாங்க?"

"இடது பக்கம் சார்."

"நீ எந்தப் பக்கம் போட்டிருக்க?"

"இடது பக்கம்தான் சார்."

"அப்போ அவங்க தப்பு. சொன்னது வாய்ஸ்ல இருக்குதுல்ல? அங்கயே எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டிட்டு வா. இல்ல உன் தப்புன்னா, நான் முதல்லயே சொல்லியிருக்கேன்." வைத்துவிட்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "போட்டுக் காட்டுடி! அந்தப் பொண்ணு சொன்னது சொன்னதுதானே? நீ எதுக்கு முழிக்கிற?" என்று அவள் காதில் சீறினேன். போன் அவள் கையில்தான் இருந்தது. அந்தக் குரல் பதிவின் மேல் விரல்கூடப் போய்விட்டது. அவள் நாற்காலிக்கும் பில் மேசைக்கும் நடுவே அந்த ஒரு விரல்தான்.

அதற்குள் சத்யபிரியா, அத்தனை ஏச்சுக்கு நடுவிலும், "வெயில்ல நிக்காதீங்க அக்கா, உள்ள வந்து தண்ணி குடிங்க," என்றாள். அந்தப் பக்கத்து மனிதர்களின் குணம் அது. வீடே பற்றி எரிந்தாலும் வந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் வந்துவிடும். மலர்விழி வாசற்படி ஏறி உள்ளே போனாள். நானும் போனேன். அவள் சொம்பை வாங்கிக்கொண்டு, வாசற்படிக்கு வந்து வெளியே பார்த்து நின்றாள். குடிக்கவில்லை.

"இங்க வாயேன்," என்றாள் என்னிடம். "இப்போ இடது பக்கம் எது?"

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். காட்டிய பிறகுதான் உறைத்தது. என் இடது கை வடக்கே நீண்டிருந்தது. தெருவில் நின்றபோது எங்களுக்கு இடது, தெற்கு.

சத்யபிரியா பொய் சொல்லவில்லை, தப்பாகவும் சொல்லவில்லை. அந்த ஊரில் வாஸ்து சொல்பவர், மேஸ்திரி, வீட்டார் எல்லோருமே வாசற்படியில் நின்று வெளியே பார்த்துத்தான் வலம் இடம் சொல்வார்கள். வீடு என்பது ஒரு ஆள் மாதிரி, அதற்கு என்று இடது கை வலது கை உண்டு. பட்டறையிலோ எல்லா வேலையும் தெருவிலிருந்து பார்த்துத்தான். மற்ற வேலைகளில் இது தெரிந்த கந்தப்பன் நேரில் போய்விடுவதால் குழப்பம் வந்ததே இல்லை. மலர்விழி சமன்பாட்டில் குறியைத் தப்பாகப் போடவில்லை. ஆதிப்புள்ளியைத்தான் தப்பான இடத்தில் வைத்துவிட்டாள்.

"அது எங்க நிக்குதோ அங்க போயி நின்னு பார்க்கணும்னு நானே சொன்னேன்டி," என்றாள். "பத்தொன்பது வயசுல தெரிஞ்சது. இப்போ மறந்துட்டேன் பாரு."

"அதை விடு. எங்க நின்னு பேசறேன்னு அவளும் சொல்லலைதானே? பாதித் தப்பு அவளோடது. பதிவைப் போடு," என்றேன். நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"போட்டா என்ன கேட்கும்? இடது பக்கம்னு கேட்கும். அவ்ளோதான். இந்தக் கணக்கெல்லாம் யாரு கேட்பாங்க? சொன்னது அவ, தப்பு அவன்னு போயிரும். இந்த வீட்டுல அவ இனிமே ஆயுசுக்கும் வாயைத் திறக்க முடியாது," என்றாள். போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பந்தலுக்குப் போய்ச் சின்னுசாமி முன்னால் நின்றாள்.

"ஐயா, உங்க மருமக சரியாத்தான் சொன்னாங்க. அவங்க வீட்டுக்குள்ள நின்னு சொன்னாங்க. நான் தெருவுல நின்னு வரைஞ்சுட்டேன். தப்பு என்னோடது."

சத்யபிரியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. நல்லவர்களோடு பழகுவதில் இது ஒரு தொல்லை.

"சரிங்க, தப்பு ஆரோடதா வேணும்னா இருக்கட்டும். நாளைக்கு என்ன பண்றது?" என்றார் சின்னுசாமி. கேட்டது நியாயமான கேள்வி. புதிதாக வெட்டிக் கொண்டுவர நேரம் இல்லை. தகட்டைக் கழற்றினால் முகப்பு மொட்டையாக நிற்கும்.

"திருப்பி மாட்டலாம்," என்றாள் மலர்விழி. "உள்பக்கத்தை வெளிப்பக்கமா திருப்பினா வளைவு தானா வடக்கே வந்துரும். ரெண்டு பக்கமும் ஒரே கோட்டிங்தான். ஆனா..." நிறுத்தி மேலே பார்த்தாள். வளைவைத் திருப்பலாம், வளைவுக்கு முன் பின் கிடையாது. எழுத்துக்கு உண்டு. திருப்பி மாட்டினால் தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு 'பொன்னாயி இல்லம்' கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித்தான் தெரியும். "இன்னைக்கு அப்படி மாட்டிக்கலாம். பேரை மட்டும் தனியா வெட்டி அடுத்த வாரம் கொண்டு வந்து மாத்தித் தர்றேன்."

"செத்துப்போனவ பேரைத் திருப்பியா மாட்டுவாங்க?" என்றார் சின்னுசாமி. பொன்னாயி அவர் மனைவி. அஸ்திவாரம் போட்ட வருஷமே போய்விட்டாளாம். அந்தப் பெயர் எடுத்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

அப்போதுதான் சத்யபிரியா பேசினாள். மாமனாருக்கு எதிரே நிமிர்ந்து அவள் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். "திருப்பி இல்லீங்க மாமா. உள்ள நின்னு பார்த்தா நேராத்தானுங்க இருக்கும். ஊட்டுக்குள்ள இருக்கறது நானுங்க. அத்தை பேரை நான் படிச்சுக்கறேன்."

சின்னுசாமி மேலே இருந்த பெயரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கந்தப்பன் காத்திருக்கவில்லை, ஸ்பேனரை எடுத்துவிட்டார். போல்ட்டுகளைக் கழற்றி, தகட்டை இறக்கி, பந்தலில் இருந்த ஆண்கள் கை கொடுக்கத் திருப்பி ஏற்றினார்கள். வளைவு கதவுக்கு நேராக வந்து நின்றது. அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. அளவெடுத்துச் செய்ததுதானே.

கிளம்புகிற நேரத்தில் குமாரசாமி மறுபடியும் அழைத்தார். மலர்விழி போனை எடுத்து, "சார், தப்பு என்னோட..." என்று ஆரம்பித்தாள். சத்யபிரியா அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, நான் திருச்செங்கோட்டுப் பார்ட்டி பேசறனுங்க. ஆருங்க தப்புன்னு சொன்னது? பேரு ஊட்டுக்குள்ள பாத்து இருக்கோணும்னு நாந்தானுங்க சொன்னேன். உங்க பட்டறை அக்கா அதே மாதிரி செஞ்சு குடுத்துட்டாங்க. முதல்ல மாட்டுனவங்கதான் திருப்பி மாட்டிட்டாங்க. ஆமாங்க. வெச்சர்றனுங்க."

ஏணியை மடித்துக்கொண்டிருந்த கந்தப்பன் வானத்தைப் பார்த்தார். பிறகு, "ஆமா, நான்தான் திருப்பி மாட்டிட்டேன். கோயில்ல வாங்குன விபூதி மயக்கம் இன்னும் தெளியலை," என்றார். மலர்விழி அழுதுகொண்டே சிரித்தாள். நான் நேராகவே அழுதேன்.

வண்டி ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். சின்னுசாமி புது வாசற்படியில், வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வளைவுக்கு மேலே வெளிச்சம் எழுத்துத் துளைகளின் வழியாக விழுந்துகொண்டிருந்தது. அவர் வாய் ஒவ்வோர் எழுத்தாக அசைந்தது.

மலர்விழி இன்றும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறாள். போனில் யார் அளவு சொன்னாலும் அவள் முதலில் கேட்பது, "நீங்க எங்க நின்னு சொல்றீங்க?" என்பதுதான். நானும் இப்போதெல்லாம் வகுப்பில் மனப்பாடம் பண்ணச் சொல்வதில்லை. எல்லோரையும் எழுப்பிக் கதவருகே கூட்டிப்போய் முதலில் உள்ளே பார்த்தும் பிறகு வெளியே பார்த்தும் நிற்க வைக்கிறேன். பக்கத்து வகுப்புக்காரர்களுக்கு நான் வைத்தியம் பார்க்க வேண்டிய கேஸ்.

சொன்ன வாக்குப்படி, அடுத்த வாரமே மலர்விழி பெயர்ப் பலகை ஒன்றைத் தனியாக வெட்டி வைத்துவிட்டு சத்யபிரியாவை அழைத்தாள். தெருப் பக்கம் மாட்டிக்கொள்ளலாம், ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டது.

"வேண்டாங்க அக்கா. மாமாகிட்டயும் கேட்டுட்டனுங்க," என்றாள் சத்யபிரியா. "தெருவுல போறவங்களுக்கு எதுக்குங்க எங்க அத்தை பேரு?"